பாங்கி ஆங்கிலம் பயின்ற வரலாறு

எமக்கு ஆங்கிலம் நன்கு வரும் என்று எம் இல்லத்தார் அனைவரும் நம்பியிருந்த காலம் ஒன்றுண்டு. அந்நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்தவை இரண்டே. மேல்நிலைப் பள்ளித் தேர்வில் அம்மொழியில் யாம் பெற்ற எண்கள் ஒன்று. இக்கல்லூரியின் ஆங்கில இலக்கிய வகுப்பில் எமக்கு இடங் கிடைத்தமை மற்றொன்று. எம் தந்தையார் அரசுப் பேருந்தில் நடத்துநர். மகன் என்ன படிக்கிறான் என்று வண்டியில் எவரேனும் வினவினால், ‘இங்கிலீஷ்’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு அடுத்தவருக்குச் சீட்டுக் கொடுக்கப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லை அவர் கூறும்போது குரல் சிறிது உயரும். அதனைப் பின் இருக்கையில் அமர்ந்து யாமே கேட்டிருக்கின்றோம். அவருக்கு யாம் எம் ஆங்கிலத்தால் செய்த முதல் உதவி எத்தகையது என்பதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எம் தந்தையார் பாளையங்கோட்டைக்குப் புறத்தே ஒரு சிறு மனையில் வீடு கட்டுதற்கெனப் பாங்கியில் 12,00,000 ரூபாய் கடன் பெற்றார். வட்டி நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு 6.75. தவணை 240 மாதங்கள். மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகை 9,124 ரூபாய். அப்போது அவருக்கு அகவை நாற்பது. கடன் தீரும் ஆண்டும் அவர் பணியினின்று ஓய்வு பெறும் ஆண்டும் 2041 என ஒன்றாகவே அமைந்தன. அப்பொருத்தம் அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நாட்காட்டியின் பின்னட்டையில் ‘2041’ என்று பென்சிலால் எழுதி அதனைச் சுற்றி ஒரு வட்டமும் இட்டு வைத்திருந்தார். ஆண்டுதோறும் நாட்காட்டி மாறும். புதிய அட்டையிலும் அவ்வட்டம் ஏறிவிடும்.

மறு ஆண்டு செப்டம்பரில் பாங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாம் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தந்தையார் பணி முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அக்கடிதத்தை எம் முன் நீட்டி, “தம்பி, இதைப் படித்து விவரம் சொல்” என்றார். அன்னையாரும் அடுக்களை வாயிலில் வந்து நின்றார்கள். யாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தோம். நான்கே வரிகள். வட்டி வீதம் மாறியிருப்பதனால் ‘டெனர்’ திருத்தப்பட்டுள்ளது என்றும், மாதத் தவணைத் தொகையில் மாற்றம் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. அதன் கீழே ‘திருத்திய டெனர் 310’ என்று ஓர் எண் இருந்தது.

‘டெனர்’ என்னுஞ் சொல் எமக்குப் புதியதன்று. எமது கல்லூரிப் பாடகர் குழுவில் அந்த மாதந்தான் சேர்ந்திருந்தோம். ஆசிரியர் எம் குரலைப் பரிசோதித்து ஆடவர் குரல்களுள் உயர்ந்ததாகிய ‘டெனர்’ வரிசையில் எம்மை நிறுத்தியிருந்தார். பாங்கிக்கும் பாட்டுக்கும் யாது தொடர்பு என்று ஐயுற்றுக் கையகராதியைப் புரட்டினோம். ‘பொதுக்கருத்து, போக்கு’ என்று மற்றொரு பொருளும் அங்கே கிடைத்தது. அவ்வளவே போதும் என்று எண்ணினோம். ‘பொதுப்போக்கில் ஏதோ திருத்தம், தவணையில் மாற்றமில்லை, 310 என்பது கோப்பின் எண்’ என்று எம் மனத்துள் ஒரு முடிவு கட்டிவிட்டோம்.

“தவணை கூடுமா?” என்று தந்தையார் கேட்டார்.

“இல்லையப்பா, அதே 9,124தான்” என்றோம்.

அவர் பெருமூச்செறிந்து உணவுக்கு அமர்ந்தார். அன்னையார் அன்றிரவு எமக்கு ஒரு தோசை அதிகமாக வார்த்தார்கள். யாம் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால் அறியாத சொல்லை அறிந்தவர்போலத் தாண்டிச் சென்றோம். அறியவே அறியாத சொல்லாயிருந்தால் எவரையேனும் கேட்டிருப்போம். பாதி தெரிந்த சொல்லாயிருந்தமையால் கேட்க நாணினோம்.

அக்காலத்தில் நாட்டில் நிகழ்ந்து கொண்டிருந்தது யாதெனில், ரிசர்வ் பாங்கி ஏனைய பாங்கிகளுக்குக் குறுகிய காலத்திற்குக் கடன் தரும் வட்டி வீதமாகிய ‘ரெப்போ’ ஏறிக்கொண்டிருந்தது. 2022 மே மாதத்தில் 4.00இலிருந்து 4.40 ஆயிற்று, ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பர் இறுதியில் 5.90; டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50. ஒன்பது மாதங்களில் ஆறு ஏற்றம். 2019 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பாங்கிகள் கொடுத்த மிதவை வட்டி வீட்டுக் கடன்களெல்லாம் இத்தகைய புற அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டவை. ஆகவே ரெப்போ ஏறினால் எம் தந்தையாரின் கடன் வட்டியும் உடன் ஏறும். இவையெல்லாம் நாளிதழ்களில் நாள்தோறும் வந்தன. அவ்விதழ்களை யாமும் வாசித்தோம். ஆங்கிலம் வளர்தற்பொருட்டு உரக்கவே வாசித்தோம். ஆனால் அந்த வரிகளுக்கும் எம் வீட்டுச் சுவருக்கும் உள்ள உறவு எமக்குப் புலப்படவில்லை.

2023 மார்ச்சில் எம் தாய்மாமன் வீட்டிற்கு வந்தார். அவர் பாங்கி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் தந்தையாரோடு வருமான வரிக் கணக்குப் பேசுகையில், கடன் கணக்கின் விவரத்தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். சிறிது நேரம் ஒன்றுஞ் சொல்லவில்லை. பிறகு அம்மாத வரியின்மேல் விரலை வைத்து எம்மை அழைத்தார்.

“மருமகனே, இதைப் படி.”

நிலுவைக் கடன் ஏறக்குறைய 11,73,000. வட்டி இப்போது 9.25. அம்மாத வட்டி 9,042. செலுத்திய தவணை 9,124. ஆகவே அம்மாதத்தில் முதலிற் கழிந்த தொகை 82 ரூபாய்.

“எண்பத்திரண்டா?” என்று தந்தையார் கேட்டார். அவர் கேட்ட குரல் இன்னும் எம் செவியில் நிற்கின்றது. நாளெல்லாம் சில்லறையோடு பழகியவர் அவர். பணி முடியும் வேளையில் கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் தம் சட்டைப்பையிலிருந்து இட்டு நிரப்பிவிட்டு வருபவர். ஒன்பதாயிரத்துக்கு மேல் கட்டி எண்பத்திரண்டு கழிந்த கணக்கு அவருக்கு விளங்கவில்லை. மாமா ஒரு தாளில் பெருக்கி வகுத்துக் காட்டினார். இவ்வட்டியும் இத்தவணையும் இப்படியே நின்றால் கடன் தீர இன்னும் 613 மாதங்கள், அதாவது 51 ஆண்டுகள் ஆகும். எம் தந்தையார் தொண்ணூறு கடந்த பின்னரே வீடு அவருடையதாகும். (பாங்கி அவ்வளவு நாள் காத்திராது, ஓர் எல்லை கடந்ததும் தவணையையே உயர்த்திவிடும் என்றும் மாமா சொன்னார். அஃது ஆறுதலாக இல்லை.)

“ஏன் முன்னமே எவரும் சொல்லவில்லை?” என்றார் தந்தையார். அன்னையார் பேழையைத் திறந்து செப்டம்பர்க் கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தார்கள். மாமா அதனை வாசித்தார். எம்மை நோக்கினார். “டெனர் என்பதற்கு என்ன பொருள் கொண்டாய்?” என்று மட்டுங் கேட்டார். யாம் நிலத்தை நோக்கி நின்றோம். கடன் தீரும் காலஅளவுக்கு அப்பெயர். அந்நாளில் எஞ்சியிருந்த 230 மாதங்கள் 310 ஆகத் திருத்தப்பட்டன என்பதே கடிதத்தின் பொருள். ஆறாண்டும் எட்டுத் திங்களும் எம் வாயினால் மறைந்துபோயின.

தந்தையார் எம்மைச் சினந்துகொள்ளவில்லை. எழுந்து சென்று நாட்காட்டியைச் சுவரோடு சரியாகத் திருப்பி மாட்டினார். சினந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்று தொடங்கி மாமா எம் வீட்டில் தங்கியிருந்த பன்னிரண்டு நாளும், அதன்பின் அவர் வந்துபோகுந்தோறும், யாம் அவரிடம் பாங்கி ஆங்கிலம் பயின்றோம். முதலில் ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்து, இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ப் பொருளும் எழுதிக்கொண்டு சென்றோம். மாமா அதனைப் பார்த்துச் சிரித்தார். “டெனருக்கு நீ வலப்புறத்தில் என்ன எழுதியிருப்பாய், குரல் என்றுதானே?” என்றார். குறிப்பேட்டை மூடச்செய்து எம்மை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார்.

திருநெல்வேலியில் வாழ்வோருக்குத் தாமிரவருணியின் வெள்ளத்தை அளக்கத் தனிக்கோல் வேண்டியதில்லை. குறுக்குத்துறையில் ஆற்றினுள்ளேயே முருகன் கோயில் உள்ளது. நீர் எப்படி எழுந்து எவ்வளவு கோயிலை மூடி எப்படி வடிந்தது என்பது ஊர்ப் பேச்சாகவே வழங்கும். மாமா படியில் அமர்ந்து, கையில் நாளிதழை வைத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஆற்றை என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார். நீர் விரற்கிடை விரற்கிடையாக ஏறினால் ‘எட்ஜ் அப்’. மலையில் பெய்த மழை ஒரே இரவில் இறங்கிப் பொங்கினால் ‘ஸர்ஜ்’. அச்சொல்லுக்குக் கடலலையின் எழுச்சி என்றும் பொருளுண்டு. உச்சியைத் தொட்டு நின்றால் ‘பீக்’. ஏறாமலும் இறங்காமலும் மட்டமாய் நின்றுவிட்டால் ‘லெவல் ஆஃப்’. காற்றடிக்கும்போது ஏறியும் இறங்கியும் தத்தளித்தால் ‘ஃப்ளக்சுவேட்’. அதுவும் அலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. கரையிறங்கியவன் சேற்றில் கால் புதைய அமிழ்ந்தால் ‘ஸ்லம்ப்’. ‘ஸோர்’ என்பது மட்டும் ஆற்றில் அடங்கவில்லை. அது பருந்து வானத்தில் மேலேறும் செயல். அதற்கு மாமா தலைக்குமேல் பார்த்தார், யாமும் பார்த்தோம், அவ்வேளையில் அங்கே காகங்களே இருந்தன.

‘பிளம்மெட்’ என்பதற்குப் பொருள் எமக்கு ஆற்றங்கரையில் கிடைக்கவில்லை. எம் வீட்டுச் சுவரிலே கிடைத்தது. பணம் முட்டுப்பட்டமையால் மாடிப்படி முடியாமல் நின்றிருந்தது. அதனைப் பார்க்க வந்த கொத்தனார் தம் தூக்குக்குண்டை மேலிருந்து விட்டார். அது நூலோடு நேரே கீழிறங்கி நின்றது. மாமா எம் தோளைத் தட்டி, “அதுதான் பிளம்மெட்” என்றார். யாம் கல்லூரி நூலகத்துப் பேரகராதியில் தேடியபோது அஃது உண்மை என்று கண்டோம். ஈயத்தின் இலத்தீன் பெயரினின்று பிறந்த சொல் அது. தூக்குக்குண்டுக்கும் அதுவே பெயர். பங்கு விலை ‘பிளம்மெட்’ ஆயிற்று என்று இதழ் எழுதினால், தடையேதுமின்றிச் செங்குத்தாக விழுந்தது என்று கொள்ளவேண்டும். சிறிது இறங்கியதற்கு அச்சொல்லை ஆளலாகாது. விலை சிறிதே தாழ்ந்து மீண்டால் ‘டிப்’. பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எடுப்பதுபோல.

இவ்வினைச் சொற்களைவிட எமக்கு வருத்தந் தந்தவை அவற்றைத் தொடர்ந்து வரும் சிறு சொற்கள். வீதம் ‘பை’ இரண்டரை உயர்ந்தது என்பதும், ‘டு’ ஆறரை உயர்ந்தது என்பதும் ஒரே செய்தியை இருவகையிற் கூறுவன. முதலாவது ஏற்றத்தின் அளவு. இரண்டாவது சென்று சேர்ந்த இடம். தமிழில் யாம் இவற்றை மயங்கோம். ‘நான்கிலிருந்து ஆறரைக்கு’ என்று ஐந்தாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் வேலையை முடித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அவ்விரண்டெழுத்துச் சொல்லில் கண் வழுக்கினால் கணக்கே பிறழும். இன்னொரு வழுக்கல் இதனினும் பெரிது. 4இலிருந்து 6.5 ஆவது இரண்டரை விழுக்காட்டுப் புள்ளி ஏற்றம். பாங்கியார் இதனை நூறாற் பெருக்கி 250 ‘பேசிஸ் பாயிண்ட்’ என்பர். ஆனால் நான்கு என்னும் தொகை ஆறரையாக வளர்ந்தது என்று பார்த்தால் வளர்ச்சி நூற்றுக்கு 62.5. கடன் வாங்கியவனை அமைதிப்படுத்த வேண்டுமாயின் ‘இரண்டரை’ என்று கூறலாம். அச்சுறுத்த வேண்டுமாயின் ‘அறுபத்திரண்டரை’ என்று கூறலாம். இரண்டும் மெய்யே.

யாம் தமிழிலக்கணம் பயின்றது வீண்போகவில்லை என்று உணர்ந்த இடமும் ஒன்றுண்டு. ‘ரைஸ்’ என்பது தன்வினை. ‘ரெய்ஸ்’ என்பது பிறவினை. உயர்ந்தது, உயர்த்தினார். நாளிதழ்த் தலைப்புகளில் பெரும்பாலும் வட்டி தானே உயர்கின்றது. விலை தானே ஏறுகின்றது. தொழில் தானே நலிகின்றது. மழை பெய்வதுபோல எல்லாம் தாமே நிகழ்கின்றன. “உயர்ந்தது என்று கண்டால் உயர்த்தியவர் எவர் என்று கேட்டுப் பார், மருமகனே” என்றார் மாமா. ரெப்போவை உயர்த்துவதும் தாழ்த்துவதும் 2016இல் அமைக்கப்பட்ட அறுவர் கொண்ட ஒரு குழு. அவர்கள் கூடும் நாளும் வாக்களிப்பும் வெளியிடப்படுகின்றன. சில பொருள்களின் விலைக்கு உண்மையிலேயே மழைதான் எழுவாய், தக்காளிக்கு அப்படி. எல்லாவற்றுக்கும் அப்படியன்று. இவ்வறிவோடு எம் செப்டம்பர்க் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ‘டெனர் திருத்தப்பட்டுள்ளது.’ செயப்பாட்டு வினை. திருத்தியவர் பெயர் அவ்வரியில் இல்லை. திருத்தலாமா என்று எம் தந்தையாரைக் கேட்டவரும் இல்லை.

நூலகப் பேரகராதியில் யாம் நெடுநேரம் செலவிட்டோம். சில நாள் தேவைக்கு மேலும் செலவிட்டோம். ‘பாங்க்’ என்பது இத்தாலியரின் பலகைக்குப் பெயர். நாணயம் மாற்றுவோர் சந்தையில் பலகையிட்டு அமர்ந்தனர். பலகை உடைந்தது என்பதே ‘பாங்க்ரப்ட்’. (அச்சொல் தமிழில் பாங்கி என்று வழங்குவது எமக்கு உவப்பே. அகப்பொருள் நூல்களில் பாங்கி என்பாள் தலைவியின் உயிர்த்தோழி, குறிப்பறிந்து நடப்பவள், தலைவி சொல்லாமலே துயரறிபவள். கடிதத்தை எழுதிய பாங்கியிடம் அக்குணம் காணோம்.) ‘மார்ட்கேஜ்’ என்பது பிரெஞ்சுச் சொல், ‘இறந்த ஈடு’ என்பது அதன் சொற்பொருள். ‘பட்ஜெட்’ ஒரு தோற்பை. ‘கேபிடல்’ தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது; தமிழரும் அதனை ‘முதல்’ என்றே அழைத்தனர். ‘பெக்யூனியரி’ என்னும் சொல்லுள் ஆடுமாடு நிற்கின்றது. தமிழிலும் மாடு என்பது செல்வத்திற்குப் பெயர். நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டுள. அவற்றுள் இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறுகாசைக் குறிப்பது எம் ‘காசு’ போர்த்துகீசியர் வாயில் புகுந்து சென்றதே. ‘டெனர்’ என்பதோ, பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று வந்தது. பண்டைக் கோயிற்பாட்டில் அடிப்படை இசையைப் பற்றி நீட்டி நிற்கும் குரலுக்கு அப்பெயர் வாய்த்தது. கடன் ஒருவனைப் பற்றி நிற்கும் காலத்திற்கும் அதுவே வாய்த்தது. ஆகவே யாம் முதலில் கொண்ட பொருளும் முற்றும் தவறன்று என்று ஒருநாள் மாமாவிடம் வாதித்தோம். “பாங்கியில் போய் அதைப் பாடிக் காட்டு” என்றார்.

அவர் கூறியபடியே பாங்கிக்குச் சென்றோம், பாடுதற்கன்று. ஏப்ரல் தொடக்கத்தில் தந்தையாரும் யாமும் மட்டும் சென்றோம். மாமா வேண்டுமென்றே வரவில்லை. மேசைக்கு அப்பாலிருந்த அலுவலர் இளையவர், கனிவாகவே பேசினார். எம் தந்தையார் சீருடையிலேயே வந்திருந்தார். அவர் எம் முழங்கையைத் தொட்டார். பேசு என்பது அதன் குறிப்பு. யாம் தமிழிலேயே பேசினோம். சொற்கள் மட்டும் அவர்களுடையவை. டெனரை நீட்டாமல் பழைய முடிவு ஆண்டிலேயே நிறுத்தவேண்டும், அதற்குத் தவணை எவ்வளவு என்று வினவினோம். அலுவலர் கணினியில் பார்த்து, 11,000க்குச் சற்று மேல் என்றார். யாம் முன்னமே கணக்கிட்டு வைத்திருந்த தொகையும் அதுவே. பகுதித்தொகை முன்கூட்டிச் செலுத்தினால் தண்டம் உண்டா என்று கேட்டோம். மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்னரே தீர்க்கத் தண்டம் வாங்கலாகாது என்று 2012இலேயே ரிசர்வ் பாங்கி விதித்திருந்தமை எமக்குத் தெரியும், எனினும் கேட்டோம். இல்லை என்றார்.

அன்னையார் சீட்டுப் போட்டுச் சேர்த்த 1,00,000 ரூபாய் எம் தங்கைக்கு நகை செய்வதற்கென இருந்தது. அது முதலில் கட்டப்பட்டது. தவணை 10,100 ஆக உயர்ந்தது. முடிவு ஆண்டு 2041க்குத் திரும்பிற்று. தங்கைக்கு அப்போது பதினான்கு வயது. அவள், “எனக்கு நகை வேண்டாம், மாடிப்படி கட்டுங்கள்” என்றாள். மாடிப்படி இன்னும் ஓராண்டு நின்றது.

வெளியே வந்தபின் தந்தையார் ஒரு தேநீர்க் கடையில் நின்று, “அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதியிருந்தால் நானே படித்திருப்பேனே” என்றார். அவர் கேட்டதற்கு அன்று எம்மிடம் விடையில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 18இல் ரிசர்வ் பாங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. மிதவை வட்டி மாறினால் தவணையிலோ காலத்திலோ நேரும் விளைவைக் கடன்பெற்றோர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும்; தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்துகொள்ள அவர்க்கு வாய்ப்பளித்தல் வேண்டும்; நிலைவட்டிக்கு மாறவும் வழி தருதல் வேண்டும் என்பன அதன் கூறுகள். எம்மைப் போல் ஏமாந்தவர் பலர் என்பது அதனாற் புலனாயிற்று. 2024 அக்டோபர் முதல் புதிதாய்க் கடன் பெறுவோர்க்கு முக்கிய விவரத்தாள் ஒன்று அவரவர்க்கு விளங்கும் மொழியில் தரப்படவேண்டும் என்று மற்றோர் ஆணையும் நடைமுறைக்கு வந்தது. எம் தந்தையாரின் கடன் பழையது. ஆயினும் அச்செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, “நல்லது” என்றார்.

எம் அன்னையாரும் இக்கல்வியில் பங்குகொண்டார்கள், மாணவியாக அன்று. 2022 ஏப்ரலில் நுகர்பொருள் விலையேற்றம் 7.79 விழுக்காடு, மறு ஆண்டு ஏப்ரலில் அஃது 5க்கும் கீழே வந்தது. ‘இன்ஃப்ளேஷன் ஈசஸ்’ என்று இதழ் எழுதிற்று. யாம் புதிய அறிவின் செருக்கில், “விலைவாசி தணிந்ததாம், அம்மா” என்று அறிவித்தோம். துவரம்பருப்பு வாங்கி வந்து பையை இறக்கிக்கொண்டிருந்த அன்னையார், “எந்தக் கடையில்?” என்றார்கள். எமக்கு மீண்டும் தலை தாழ்ந்தது. தணிந்தது விலையன்று, விலை ஏறும் வேகம். 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய பண்டம் 2022இல் 107.79, அதன்மேல் குறைந்த வேகத்தில் ஏறி 2023இல் ஏறக்குறைய 113. வேகங் குறைந்த வண்டியும் முன்னோக்கியே செல்கின்றது என்பதனை நடத்துநரின் மகனாகிய யாம் அறிந்திருத்தல் வேண்டும். ‘ஈஸ்’ என்னும் சொல் நோயாளிக்கு வலி குறைந்ததுபோல் மென்மையாய் ஒலித்து எம்மை மயக்கியது. ‘டெனர்’ ஒருமுறை, ‘ஈஸ்’ ஒருமுறை. இரண்டும் எமக்குத் தெரிந்த சொற்களே. ‘பேசிஸ் பாயிண்ட்’ போன்ற முரட்டுச் சொல் எதுவும் எம்மை ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

யாம் இப்போது முதுகலை வகுப்பில் பயில்கின்றோம். பாடகர் குழுவில் இன்னும் ‘டெனர்’ வரிசையிலேயே நிற்கின்றோம். 2025இல் ரெப்போ இறங்கத் தொடங்கியது, பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50. ஆகஸ்டில் பாங்கியின் கடிதம் ஒன்று வந்தது. யாம் கல்லூரியிலிருந்து வீடு சேர்ந்தபோது இரவாகியிருந்தது. தந்தையார் அதனைப் பிரித்து மேசைமேல் விரித்து, பயன்பட்ட பயணச்சீட்டுச் சுருளின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு வரைந்துகொண்டிருந்தார். கோடு இடமிருந்து வலமாக மேலேறி, சிறிது மட்டமாய்ச் சென்று, பின்பு சாய்ந்தது.

“டெனர் குறைந்திருக்கிறது, தம்பி. 194 இருக்க வேண்டியது 171 ஆயிற்று” என்றார். “தவணை அதேதான். அவர்கள் கேட்டார்கள், எது வேண்டுமென்று. காலத்தைக் குறையுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.”

யாம் கடிதத்தை வாங்கி வாசித்தோம். அவர் கூறியது சரியே. நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தோம். வட்டத்துள் 2041 அடிக்கப்பட்டு 2039 என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குள் அடுக்களையிலிருந்து அன்னையார், பருப்பு விலையும் அப்படிக் குறைந்திருக்கிறதா என்று கேட்டார்கள்.